மூச்சை அளக்கப் படித்தவர்கள்

“அப்ப நீ டாக்டருக்கா படிக்கே?”

“இல்ல பெரியம்மா.”

“நர்ஸுக்கா?”

“அதுவும் இல்ல.”

“பின்ன கம்பவுண்டருக்கா?”

“சுகாதார ஆராய்ச்சி.”

பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏளா, உனக்கு எதுவும் சீக்கா?” என்று கேட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. புதுத் துறைமுகம் திறந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் அப்போது வேலை என்றால் விரலை நீட்டிக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அதோ கப்பல், அதோ உப்பளம், அதோ மில்லின் புகைபோக்கி. ஆராய்ச்சியைக் காட்ட எந்தப் பக்கம் விரலை நீட்டுவது? விலங்கியலில் பட்டம் வாங்கி, தவளையையும் கரப்பான் பூச்சியையும் வேண்டிய மட்டும் அறுத்து முடித்திருந்தேன். அடுத்து டீச்சர் டிரெயினிங் போ என்றார்கள் வீட்டில். அதற்குள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் இந்த இரண்டு வருஷ முதுகலைப் படிப்பைப் பற்றி ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டேன். முதல் வருஷம் மருத்துவக் கல்லூரியில் வகுப்பு, இரண்டாம் வருஷம் ஏதாவது ஓர் ஊரில் மக்களிடையே ஆராய்ச்சி. ‘மக்களிடையே’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு மயங்கி விண்ணப்பம் போட்டேன். அந்த வயசில் அதற்கு மேல் காரணம் வேண்டியிருக்கவில்லை.

ஊரை விட்டு ஓடத்தான் படிப்பில் சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷத்துக்கு எனக்கு விழுந்த ஊர் தூத்துக்குடி. படிப்பு என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டது.

ஆராய்ச்சி நிலையம் என்று பலகை மாட்டியிருந்த இடம், கடற்கரைச் சாலையை ஒட்டி முன்பு உப்பு மூட்டை அடுக்கிவைத்திருந்த கிட்டங்கியின் இரண்டு அறைகள். சுவரில் எப்போதும் உப்பு பூத்திருக்கும். எந்த இரும்புச் சாமானைக் கொண்டுவந்து வைத்தாலும் மெட்ராஸிலிருந்து பில் வந்து சேர்வதற்குள் துருப்பிடித்துவிடும். ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாசம், மூடினால் எங்கள் வாசம்.

உள்ளே நாங்கள் மூன்று மாணவர்கள், எங்களை மேய்க்க ஒரு மேடம்.

மூவரில் ஒருவர் நிஜமாகவே டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்து, சர்ஜரிக்கு இடம் கிடைக்காமல், சும்மா இருந்தால் மாமனாராக வரத் துடிக்கும் யாராவது கிளினிக் வைத்துக் கொடுத்துவிடுவார்களே என்ற பயத்தில் எங்களோடு வந்து ஒளிந்துகொண்டவர். “கிளினிக்ல உக்காந்தா ஆயுசுக்கும் அடுத்தவன் இருமலைக் கேட்டுக்கிட்டு இருக்கணும்” என்பார். எங்களை ‘நீங்களும் நோயாளிகள்தான்’ என்கிற மாதிரி ஓர் அன்போடு பார்ப்பார்.

இன்னொருவர் விளாத்திகுளத்துக்காரர். கணக்கில் பட்டம். அவர் அப்பாவுக்கு மிளகாயும் பருத்தியும் போடுகிற கரிசல் காடு. அறிவிப்பில் ‘கணக்குத் தெரிந்தவர்களும் விண்ணப்பிக்கலாம்’ என்று இருந்த ஒரு வரிக்காக வந்தவர். பேச்சு குறைவு. பேசினால் ஒரே வாக்கியம், அதற்குப் பிறகு அரை நாள் விடுமுறை. கடலையே இங்கே வந்துதான் முதல் தடவை பார்த்தார். பார்த்துவிட்டு, “இவ்வளவு தண்ணி, ஒரு செடிக்கு உதவாது” என்று சொல்லி அறைக்குள் போய்விட்டார்.

மேடம் நாசரேத் பக்கம். பள்ளிக்கூட டீச்சராக ஆரம்பித்து, கொசு பிடிக்கும் வேலையில் ஊர் ஊராகச் சுற்றி, அப்புறம் ரத்தம் பரிசோதிக்கக் கற்று, அப்புறம் பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கி, எப்படியோ எங்களிடம் வந்து சேர்ந்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: “இதப் படிச்சா என்ன ஆவோம்னு எங்கிட்ட யாரும் கேக்கப்படாது. நானே இன்னும் ஆகி முடியல.”

எனக்கு மட்டும் என்ன ஆவேன் என்பது தேதி வாரியாகத் தெரிந்திருந்தது. அப்பா ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் குமாஸ்தா. முதலாளி அண்ணாச்சியிடம் எனக்காக டைப்பிஸ்ட் வேலை சொல்லிவைத்திருந்தார். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி, வெள்ளிக்கிழமை மத்தியானம் பஜ்ஜி, வாசலில் இறங்கினால் பஸ். கேட்கிறவர்களுக்குப் பொறாமை வரும் வேலைதான். ஆனால் அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்தால் அப்புறம் கல்யாணத்துக்குத்தான் எழுந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

தப்பிக்க ஒரே ஒரு சந்து இருந்தது. வருஷ முடிவில் மெட்ராஸிலிருந்து ஒரு கமிட்டி வந்து எங்கள் வேலையைப் பார்க்கும். உருப்படியாக ஏதாவது இருந்தால் நிலையம் தொடரும், ஓர் ஆராய்ச்சி உதவியாளர் பதவியும் உண்டு. இல்லையென்றால் கிட்டங்கிக்குப் பூட்டு.

“கமிட்டிக்காரங்க சரின்னுட்டா நான் ஒண்ணும் சொல்லல” என்றார் அப்பா. “இல்லன்னா அடுத்த முதல் தேதி எங்கூட ஆபீஸுக்கு வார. சரியா?”

“சரிப்பா” என்றேன். என்னைப் போல அவசரக்காரி எதற்கும் சரி என்றுதான் சொல்வாள்.

மேடம் எடுத்துக்கொண்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முத்துக்குளிப்பு நின்று பல வருஷம் ஆகியிருந்தது, அப்போது ஆட்கள் இறங்கியது சங்குக்கு. இளவட்டங்கள் முகத்தில் கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டிக்கொண்டு, மீன் மாதிரி தாங்களே போய்த் தாங்களே வர ஆரம்பித்திருந்தார்கள். எங்களிடம் வந்தவர்கள் பழைய வழிக்காரர்கள். காலில் கல்லோடு கீழே போவார்கள், சங்கைப் பொறுக்குவார்கள், படகில் இருப்பவர் கயிற்றை இழுக்க மேலே வருவார்கள். எங்கள் ஊரில் இவர்களுக்குக் குளியாள் என்று பெயர். இப்படி வருஷக்கணக்காக மூச்சை அடக்குகிறவர்களின் நெஞ்சும் நாடியும் மற்றவர்களுடையதிலிருந்து எப்படி மாறியிருக்கும்? இதுதான் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க உப்பளத்து ஆட்கள்.

சோதனை ரொம்பச் சாதாரணம். ஒரு பெஞ்சு, எதிரே ஸ்டூலில் இனாமல் பேசின் நிறையத் தண்ணீர். மூக்கில் கிளிப்பை மாட்டி, ஆள் முகத்தைத் தண்ணீருக்குள் விடுவார். டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார், நான் ஸ்டாப் வாட்சை அழுத்துவேன், விளாத்திகுளத்தார் எழுதுவார். சீமையிலிருந்து வந்த மூக்குக் கிளிப்பை உப்புக்காற்று தின்றுவிட்டதால், அம்மா துணி காயப்போடும் மரக் கிளிப்பை நான் வீட்டிலிருந்து தூக்கிவந்திருந்தேன். கொடியிலிருந்து பாவாடை பறக்கும்போதெல்லாம் அம்மா ஆராய்ச்சியைத்தான் திட்டுவாள்.

குளியாட்களில் முதலில் வந்து, மற்றவர்களையும் இழுத்துவந்தவர் ஒருவர். கதவு மாதிரி நெஞ்சு, காதில் எப்போதும் பஞ்சு, எதைச் சொன்னாலும் கத்திச் சொல்லும் பழக்கம். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். மூக்கில் கிளிப்போடு உட்கார்ந்து, “ஏளா பாப்பா, வாச்ச சரியா பாத்துக்க. உன் வாச்சு நின்னாலும் எம்மூச்சு நிக்காது” என்று மூக்கடைத்த குரலில் சவால்விட்டார். முகத்தை உள்ளே விட்டார். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எழுந்துவிட்டார். உப்பளத்தில் வண்டி தள்ளுகிறவர் முந்தின நாள் பிடித்த அளவுதான். மறுபடி செய்தோம். அதேதான். அடுத்தடுத்த நாட்களில் வந்த குளியாட்களும் அதே. விளாத்திகுளத்தார் கட்டத்தாளில் இரண்டு கோடு வரைந்தார், குளியாளுக்கு ஒன்று, உப்பளத்தாருக்கு ஒன்று. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன.

“எங்க அத்தைக்கு ஆஸ்துமா. அவ இதவிட நல்லா புடிப்பா” என்றார் டாக்டர்.

அண்ணனுக்கே அவமானம். “கடலுக்குள்ள இதுல ரெண்டு மடங்கு கெடப்பேன் பாப்பா. அந்தோணியார் சத்தியமா. இங்கன வரமாட்டேங்கு.”

“ஏன் வரமாட்டேங்கு?”

“அது தெரிஞ்சா ஒங்கிட்ட எதுக்கு வாரேன்?”

நியாயமான பதில். ஒருவேளை கிணற்றுத் தண்ணீர்தான் ஒத்துவரவில்லையோ என்று வாளி வாளியாகக் கடல் தண்ணீர் சுமந்தேன். கோடு அசையவில்லை. புழுக்கமோ என்று ஜன்னலைத் திறந்தோம். ஈ வந்ததுதான் மிச்சம். கமிட்டி வருகிற மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம் கடைத்தெருவில் அப்பாவின் முதலாளி அண்ணாச்சி என்னைப் பார்த்து, “என்னம்மா, எப்ப வாரிய? மிஷினுக்குப் புது ரிப்பன் போட்டாச்சு” என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

மேடம்தான் சொன்னார்: “நம்ம அறைக்கு அவங்க வந்தது போதும். அவங்க இடத்துக்கு நாம போவோம்.”

படகில் யார் போவது? நான் என்று குதித்தேன். அண்ணனின் படகில் அவருக்குக் கயிறு பிடிப்பவர் அவர் மனைவியின் அண்ணன். அளந்து பேசும், மீசையை வருடும் மனிதர், கயிறு பிடித்துப் பிடித்துக் காய்த்த உள்ளங்கை. அவர் தலையை ஆட்டினார்.

“பொம்பள ஏறுன படகுல சங்கு ஏறாதும்பாங்க.”

“நீங்க அத நம்புதியளாக்கும்?”

“நான் நம்பல. நாளைக்குச் சங்கு படலேன்னா படகுல மத்தவன் பூரா நம்புவான். அப்புறம் எனக்கில்லா ஏச்சு?”

டாக்டருக்கு மிகச் சரியான நேரத்தில் காய்ச்சல் வந்தது. ஆக, கடலைக் கண்டாலே ஆகாத விளாத்திகுளத்தாரை ஏற்றி அனுப்பினோம். பொழுது விடியும்முன் போனவர் மத்தியானத்துக்கு மேல் இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வந்தார். முகம் பச்சைப் பாக்கு மாதிரி. பெஞ்சில் சாய்த்து, சோடா உடைத்துக் கொடுத்தோம்.

“என்ன பாத்தீங்க?” என்று மேடம் கேட்டார்.

“ஆகாசம்.”

“வேற?”

அவர் கண்ணை மூடிக்கொண்டே பேசினார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. “படகு கிளம்புனதுமே நான் கீழ விழுந்துட்டேன் மேடம். எந்திரிக்க முடியல. படுத்த இடத்துல இருந்து எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த மச்சான் கைதான். நாள் பூரா அதத்தான் பாத்தேன். அவரு கயித்த விரல்ல தாங்கிக்கிட்டு சும்மா உக்காந்திருக்காரு. திடீர்னு இழுக்காரு. கீழ இருக்கவரு மேல வரணும்னு நெனைக்கவே இல்ல. எப்ப வரணும்னு முடிவு பண்றது மச்சான். பாப்பா வாச்சக் கொண்டு போயிருந்தேன்ல, ரெண்டு தடவ பாத்தேன். அண்ணன் சொன்ன மாதிரி ரெண்டு மடங்கு.”

சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த வாளியை இழுத்துக்கொண்டார்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இது எனக்குத் தெரியாத விஷயமா? நான் இந்தக் கரையில் பிறந்தவள். குளியாள் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் கேட்பதே, “பொண்ணுக்கு அண்ணன் தம்பி உண்டா?” என்றுதான். கயிறு பிடிப்பவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். தன் தங்கச்சி தாலியை நினைத்துத் தூங்காமல் பிடிப்பான் என்பது கணக்கு. சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். இது எனக்கு இட்லிக்குச் சட்னி என்பது போலத் தெரிந்த ஒன்று, அதனாலேயே சோதனையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் படிவத்தில் வயசு, எடை, பீடி, காதில் சீழ் வரை கேட்டிருந்தோம். மச்சானுக்குக் கட்டம் போடவில்லை.

யோசித்தால் எல்லாம் சரியாக வந்தது. மேலே இழுக்க ஆள் இல்லாதவன் திரும்பி வருவதற்கென்று பாதி மூச்சை மிச்சம் வைக்க வேண்டும். எங்கள் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த மிச்சத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பேசினுக்குள் ஆழமே இல்லை என்பது அவர்கள் உடம்புக்குத் தெரியவில்லை.

மறுநாளே மச்சானைக் கூட்டிவந்தோம். பெஞ்சில் அண்ணன். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையில், ஐந்தடி தள்ளி, மர ஸ்டூலில் மச்சான். பார்க்க ஏதோ கன்றுக்குட்டியைச் சந்தையில் பிடித்துவைத்தது போல இருந்தது.

“மாப்ள, பேசினுக்குள்ள சுறா கிறா இருந்தா ஒரு இழுப்பு குடு” என்றார் மச்சான்.

“வாய மூடிக்கிட்டுக் கயித்தப் புடியும் மச்சான்.”

“எந்தங்கச்சிய நெனச்சுத்தாம்வே புடிக்கேன். உம்ம மூஞ்சிக்கா புடிக்கேன்?”

அண்ணன் சிரித்தபடியே முகத்தை உள்ளே விட்டார். பழைய நேரம் வந்தது, தாண்டியது. டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவர் கண்ணில் கேலி இல்லை. “நாடி அப்படியே இறங்கிக்கிட்டே போவுது” என்றார் மெதுவாக. மச்சான் கயிற்றைச் சுண்டியபோது வாச்சில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான் கத்திய கத்தலில் அடுத்த கிட்டங்கிக் காவலாளி ஓடிவந்துவிட்டார்.

மற்ற மச்சான்களும் வந்தார்கள். கட்டத்தாளில் கோடுகள் பிரிந்தன. நான் கனவில்கூட டைப் அடிப்பதை நிறுத்தினேன்.

கமிட்டி வந்த அன்று காலை, அண்ணன் தனியாக வந்தார்.

“மச்சான் எங்க?”

“வரல.”

“ஏன்?”

“அவரு வரமாட்டாரு. நானும் கூப்புட மாட்டேன்.”

பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் விஷயம் வந்தது. அண்ணன் மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை புது நன்மை. முதல் தடவை நற்கருணை வாங்கும் பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் எடுப்பது தாய்மாமன் உரிமை. மச்சான் மதுரையில் எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, அண்ணன் அவசரப்பட்டுத் தானே கடைக்குப் போய் எடுத்துவிட்டார். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது! இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று போனது. படகும் கரையில் கிடந்தது.

மச்சான் வீட்டுக்கு ஓடினேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

“அண்ணே, இன்னைக்கு மட்டும். நீங்க வரலேன்னா நிலையத்தப் பூட்டிருவாவ. நான் கப்பல் ஆபீஸ்ல டைப் அடிக்கப் போவணும்.”

“நல்ல வேலதான பாப்பா?”

“அண்ணே!”

“அவந்தான் எல்லாத்தையும் அவனே எடுத்துக்கிடுவான்லா? கயித்தையும் அவனே புடிச்சிக்கிடட்டும்.”

வெறுங்கையோடு திரும்பினேன். கமிட்டித் தலைவர் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தார். பருமனான பெரிய டாக்டர், கழுத்துவரை பொத்தான், துடைக்கத் துடைக்க வேர்வை. கூட வந்த இருவர் அவர் எந்தப் பக்கம் தலையை ஆட்டுகிறார் என்று பார்த்து ஆட்டினார்கள். மேடம் எல்லாவற்றையும் விளக்கினார்.

“அதாவது, கயிறுதான் காரணம் என்கிறீர்கள்” என்றார் தலைவர்.

“கயிறு இல்ல சார். கயித்தப் புடிக்கிற ஆளு.”

“அதெப்படி? நான் பிடிக்கிறேன், பார்ப்போம்.” எழுந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.

அண்ணன் முகத்தை விட்டார். தனியாக இருந்தபோது பிடித்த நேரம்கூட வரவில்லை, புஸ்ஸென்று எழுந்தார். “சார் ஷூ போட்டிருக்காரு. வழுக்கிருமோன்னு ஒரே ரோசனை” என்றார் தண்ணீர் சொட்ட.

அடுத்து நான் பிடித்தேன். பழைய அளவுதான். விளாத்திகுளத்தார் பிடித்தார். அண்ணன் அவரைப் பார்த்த பார்வையிலேயே படகில் கிடந்த கோலம் தெரிந்தது, நான் பிடித்தபோது வந்ததைவிடக் குறைந்த நேரம். தலைவர் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, “வித்தியாசம் எதுவும் இல்லையே” என்றார். அந்த ‘இல்லையே’யில் எனக்கு டைப்ரைட்டர் மணி அடித்தது.

அப்போது வாசலில் ஒரு குரல். “ஏலே, அது என்ன நாய்ச் சங்கிலியா? கயித்த அப்படியா புடிப்பாவ?”

மச்சான்தான். நான் கிளம்பியதும் பின்னாலேயே வந்து, தன் கயிற்றை யார் யாரோ பிடிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். விறுவிறுவென்று உள்ளே வந்து விளாத்திகுளத்தார் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணனும் அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக் கிளிப்பை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

தலைவர் என் கையிலிருந்த வாச்சை வாங்கித் தானே பார்த்தார். பழைய நேரம் தாண்டியது. தலைவர் வாச்சைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தார். கூட வந்த இருவரும் எட்டிப் பார்த்தார்கள். மச்சான் மட்டும் யாரையும் பார்க்காமல், கயிற்றை விரலில் தாங்கி, மீன் கடிக்கக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். கடைசியில் சுண்டினார். அண்ணன் எழுந்து, பெரிதாக மூச்சு வாங்கி, கிளிப்பைக் கழற்றினார்.

“கவுனு வெள்ளையா, சந்தனக் கலரா?” என்று கேட்டார் மச்சான், கயிற்றைச் சுருட்டியபடி.

“வெள்ளதான்.”

“தலைக்குக் கிரீடம்?”

“அது எடுக்கல மச்சான்.”

“பெறகென்ன, அத நான் எடுக்கேன். நீ கடைப்பக்கம் காலு வச்சேன்னா பாரு.”

தலைவருக்கு இது எதுவும் விளங்கவில்லை. வாச்சையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடத்திடம், “இது மருத்துவமா, குடும்ப விவகாரமா? எனக்கே சந்தேகமாக இருக்கிறது” என்றார்.

“எனக்கும்தான் சார்” என்றார் மேடம், கொஞ்சமும் அசராமல். “ரெண்டையும் பிரிச்சு அளக்கத்தான் இன்னும் ரெண்டு வருஷம் கேக்கேன்.”

ஒரு வருஷம் கொடுத்தார்கள். ஆராய்ச்சி உதவியாளர் என்ற பெயரையும் வெட்டி, ‘தற்காலிகக் கள உதவியாளர்’ ஆக்கினார்கள். அதுவும் ஒரே ஒருவருக்கு.

மேடம் எங்கள் மூவரையும் பார்த்தார். அதிகம் படித்தவர் என்ற முறையில் டாக்டருக்குத்தான் முதல் உரிமை. அவர் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு, சரக்குக் கப்பல் ஒன்றில் டாக்டராகச் சேர ஆர்டர் வந்துவிட்டது என்றார். படகுக்கே காய்ச்சல் வந்த மனுஷன்! “கப்பல் பெருசு. அதுலயும் நம்ம ரூம் நடுவுல” என்றார். இப்போதும் எந்தத் துறைமுகத்திலிருந்தாவது படக் கார்டு போடுவார். இருமலைக் கேட்கிற வேலைதானாம், மாலுமிகள் இருமல்.

மிச்சம் இருந்தது விளாத்திகுளத்தாரும் நானும். உண்மையைச் சொன்னால் அந்த இடம் அவருக்குத்தான் சேர வேண்டும். வாந்தி எடுத்துக் கண்டுபிடித்தவர் அவர். ‘நீங்களே எடுத்துக்கோங்க’ என்று பெருந்தன்மையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

“எனக்கு மெட்ராஸ்ல புள்ளியியல் படிக்க இடம் கிடைச்சிருக்கு மேடம்” என்றார் அவர்.

“அங்கயும் கடல் உண்டே?” என்றேன், நிம்மதியில் வாய் திரும்பி வந்து.

“உண்டு. ஆனா கரையில உக்காந்து சுண்டல் தின்னாப் போதும். யாரும் படகுல ஏத்த மாட்டாங்க.”

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்.

“எத்தன வருஷத்துக்கு?”

“ஒண்ணு.”

“அதுக்கப்புறம்?”

“தெரியாதுப்பா.”

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கமிட்டி சரி என்றால் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று அவர்தான் வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டை முதுகிலேயே பார்க்க முடிந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர், கை கழுவிக்கொண்டே, “அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டேன்” என்றார்.

“என்ன சொன்னாவ?”

“என்ன சொல்லுவாவ? நாற்காலியில வேற புள்ளைய உக்கார வச்சாச்சு. இனி நீ கேட்டாலும் கிடைக்காது. நல்லா அடிக்கா அந்தப் புள்ள. உன்னவிட வேகம்.”

“நான் அடிச்சு நீங்க பாத்ததே இல்லையேப்பா.”

“பாக்கணுமாக்கும்?” என்றார் அப்பா. சோற்றைப் பிசைந்தவர் நிமிர்ந்து, “அந்த ஒரு வருஷத்துல என்ன செய்யப் போற?” என்று கேட்டார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். புன்னைக்காயலில் அக்காள் தங்கை இருவரைக் கட்டிய இரண்டு குளியாட்கள் இருக்கிறார்களாம். இருவருக்கும் ஒரே மச்சான். பெரிய மாப்பிள்ளைக்கும் சின்ன மாப்பிள்ளைக்கும் அவர் ஒரே மாதிரிதான் கயிறு பிடிக்கிறாரா என்று பார்த்தாக வேண்டும். அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன்.

“சின்னவனுக்குத்தான் நல்லாப் புடிப்பான்” என்றார் அப்பா. “கடைசித் தங்கச்சில்லா?”

“அதத்தான்பா அளக்கணும்” என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லி, பெரியவன் பக்கத்து நியாயத்தையும் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்.